உயிரெடுக்காத வேட்டை: பெங்களூர்ப் பள்ளி மைதானத்தில் வில் பழக்கும் முறை

இந்தியாவில் வில்லெடுத்து வேட்டைக்குப் போக முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயன்று பார்ப்பது எல்லாம் அதில் சேரும். அமெரிக்காவில் வில் வேட்டை சட்டப்படி நடக்கிறது, பிள்ளைகளுக்கு அதற்கெனப் பாடத்திட்டங்களும் இருக்கின்றன. அங்கே சொல்லித்தருவதில் அம்பை விடுவது சின்னப் பகுதிதான். தூரத்தைக் கண்ணால் அளப்பது, காற்றைப் பார்ப்பது, தடம் படிப்பது, சத்தமில்லாமல் நெருங்குவது, ‘இப்போது விடக்கூடாது’ என்று கையை இறக்குவது, இவைதான் பெரும்பகுதி. கடைசிக் கணத்தை மட்டும் கழித்துவிட்டால் மற்ற அத்தனையையும் அல்சூரிலோ விவேக்நகரிலோ இருக்கிற பள்ளி மைதானத்தில் பழக்கலாம்.

கீழே இருப்பது 6 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, ஒரு நேரத்தில் 24 பேர், இரண்டு பெரியவர்கள் என்ற கணக்கில். ஒரே பி.டி. மாஸ்டர் மட்டும் இருந்தால் 8 பேருக்கு மேல் எடுக்க வேண்டாம். எய்யும் கோட்டில் நிற்பவர்கள் மீது ஒரு கண், பின்னால் காத்திருப்பவர்கள் மீது ஒரு கண் என்று ஒரே ஆள் பார்ப்பது நடக்காத காரியம்.

முதலில் இடம்

பெங்களூர்ப் பள்ளிகளின் சிக்கல் வில்லோ அம்போ அல்ல, காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அப்பால் மூன்று மாடி வீடு, மொட்டை மாடியில் துணி காயப்போட வருகிற ஆள். 20 பவுண்டு இழுவிசை உள்ள சாதாரணப் பயிற்சி வில்லில் அம்பு வினாடிக்கு ஏறத்தாழ 40 மீட்டர் வேகத்தில் போகும். கை தவறி மேல் நோக்கி விட்டால் 100 மீட்டரைத் தாண்டியே விழும். ஆகவே ‘பிள்ளைகள் வில்தானே’ என்ற பேச்சே கூடாது.

வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துக்கொண்டு போனதாகப் புலவர் பாடினார். பாட்டில் அது பெருமை. மைதானத்தில் அதைப் பாதுகாப்புப் பாடமாகப் படிக்க வேண்டும்: அம்பு குறியோடு நிற்காது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பார்.

வெறும் சுவரை மட்டும் நம்பி இலக்கு வைக்காதீர்கள். கான்கிரீட்டில் பட்ட அம்பு திரும்பி வரும். இலக்குப் பலகைக்கு 3 மீட்டர் பின்னால் அம்பு தடுக்கும் வலை, அதற்குப் பின்னால் சுவர் என்பதே சரி. வலையைக் கொடிக்கயிறு போல இழுத்துக் கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. இறுகிய வலையை அம்பு துளைத்துக்கொண்டு போய்விடும். மேலே மட்டும் கட்டி, தொளதொளவென்று தொங்கவிட்டு, கீழே அரை மீட்டராவது தரையில் புரள வேண்டும். அப்போதுதான் வலை பின்னால் நகர்ந்து அம்பின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். உயரம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் கடைசிப் பலகையைத் தாண்டி இருபக்கமும் 2 மீட்டர். கிரிக்கெட் வலை இதற்கு ஆகாது, கண்ணி பெரிது.

தரையில் சுண்ணாம்புப் பொடியால் மூன்று கோடு. இலக்குப் பலகைகளுக்கு 4 மீட்டர் முன்னால் இலக்குக் கோடு, அம்பெடுக்கப் போகிறவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் அது. எய்யும் கோடு பலகையிலிருந்து 10 மீட்டர் அல்லது 15 மீட்டர். அதற்கு 5 மீட்டர் பின்னால் காத்திருக்கும் கோடு. 2002-இல் கென்டக்கி மாநிலத்தில் தொடங்கிய பள்ளி வில்வித்தைத் திட்டமும் இந்த 10, 15 என்ற இரண்டு தூரங்களோடும் 80 செ.மீ. இலக்குத் தாளோடும்தான் நிற்கிறது. அதற்கு மேல் ஆசைப்படத் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் 5 மீட்டரில் தாள் ஒட்டாத வெறும் பலகையே போதும்.

ஒரு பிள்ளைக்கு ஒன்றரை மீட்டர் அகலம், 8 பேருக்கு 12 மீட்டர், இரு ஓரத்திலும் 5 மீட்டர் காலி. கேன்டீனுக்கும் கழிப்பறைக்கும் போகிற குறுக்குவழி அந்த ஓரத்தில் இருந்தால் வேறு மூலையைத் தேடுங்கள், அல்லது அந்த நேரத்துக்குக் கயிறு கட்டி ஆள் நிறுத்துங்கள். தெருநாய் குறுக்கே வருவது இந்த ஊரில் சாதாரணம். நாய் வந்தால் வில் இறங்க வேண்டும், விரட்டுவது அப்புறம்.

வில், அம்பு, மற்ற சாமான்

24 பேருக்கு 8 வில் போதும். 4 பலகை, பலகைக்கு இருவர். எட்டுப் பேர் எய்வார்கள், எட்டுப் பேர் காத்திருப்பார்கள், எட்டுப் பேர் இரண்டாவது ஆசிரியரோடு தடம், தூரம் என்று வேறு வேலையில் இருப்பார்கள். அம்பு ஆளுக்கு 3 வீதம் 24, கூடுதலாக 12. கைக்காப்பு 8, விரல் காக்கும் தோல் துண்டு 8, நாணேற்றும் கயிறு 2.

பிரித்து மாட்டும் மர ரிகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்தது) பள்ளிக்குப் பொருத்தம். 6, 7-ஆம் வகுப்புக்கு 54 அல்லது 62 அங்குல வில், உயரமான பிள்ளைகளுக்கு 66. இழுவிசை 10 வயதுக்காரர்களுக்கு 10 முதல் 14 பவுண்டு, 13 வயதுக்கு மேல் 14 முதல் 18. வில்லின் கையில் (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி) ‘18’ என்று எழுதியிருப்பது 28 அங்குலம் இழுத்தால் கிடைக்கும் அளவு. 24 அங்குலம் மட்டும் இழுக்கிற பிள்ளைக்கு அதே வில் ஏறத்தாழ 14 பவுண்டுதான் தரும். இவ்வளவு இலேசான வில்லில் அங்குலத்துக்கு ஒரு பவுண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ‘வளர்கிற பிள்ளை, சட்டை மாதிரி பெரிசா வாங்கிடலாம்’ என்று கனமான வில் வாங்கித்தரும் பெற்றோரைத் தடுத்து நிறுத்துங்கள். கனமான வில் பிடித்த பிள்ளை தோளைக் காதுவரை தூக்கி, முதுகை வளைத்து இழுக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கம் பிறகு போகவே போகாது.

ஒருவருக்கு எவ்வளவு இழுப்பு என்று அறிய இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். 60 அங்குலம் வந்தால் இழுப்பு 24. அம்பு அதைவிட 2 அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். அம்பு குட்டையானால் முழுதாக இழுக்கும்போது முனை வில்லின் தாங்கியிலிருந்து உள்ளே வந்து கைமேல் விழும், விட்டால் கையைத் துளைக்கும். இந்தப் பயிற்சியிலேயே மோசமான விபத்து அதுதான். பள்ளிக்குப் பொதுவாக வாங்குவதானால் எல்லா அம்பும் 29, 30 அங்குலமாகவே இருக்கட்டும்.

அலுமினிய அம்பே நல்லது. 1820 என்று அச்சிட்டிருந்தால் விட்டம் அங்குலத்தில் 64-இல் 18 பங்கு, தகட்டின் தடிப்பு ஆயிரத்தில் 20 பங்கு. அடிபட்டால் வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும், எடுத்து ஒதுக்கிவிடலாம். கார்பன் அம்பு வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே விரிசல் விட்டிருக்கும், விடும்போது கையிலேயே சிதறும். கார்பன்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு முறையும் காதருகே பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். நொறுநொறுவென்று சத்தம் கேட்டால் இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடுங்கள். ஒடிக்காமல் போட்டால் யாராவது ஒரு பையன் பொறுக்கி வருவான். முனை எப்போதும் மழுங்கிய பயிற்சி முனை. வேட்டைக்கான பிளேடு முனை இணையத்தில் கிடைக்கிறது, பிள்ளைகள் காட்டுவதற்காகவே கொண்டுவருவார்கள். முதல் நாளே தடை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இலக்குப் பலகைக்குத் தெர்மாகோல் வேண்டாம். ஐம்பது அம்பில் மணிமணியாக உதிர்ந்து மைதானம் முழுக்கப் பறக்கும், அம்பும் நிற்காது. பீன்யா பக்கம் பேக்கிங்குக்கு விற்கிற கெட்டியான ஃபோம் ஷீட்டை 10 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கி, மேலும் கீழும் பிளைவுட் வைத்து, நான்கு மூலையிலும் திருகுக் கம்பியால் இறுக்கினால் நல்ல பலகை கிடைக்கும். அம்பு ஷீட்டின் முகத்தில் குத்தாமல் இரண்டு ஷீட்டுக்கு நடுவே போய் நிற்க வேண்டும். அதனால்தான் பட்டைகளின் வெட்டு விளிம்பு நம்மைப் பார்க்கிற மாதிரி அடுக்குகிறோம். தளர்ந்தால் திருகை இறுக்கினால் போதும். குறைந்த செலவில் வேண்டுமென்றால் அரிசிச் சாக்கில் பழைய துணியும் பிளாஸ்டிக் தாளும் மாற்றி மாற்றி இறுக்கித் திணியுங்கள். துணியில் பித்தான், ஜிப் இருந்தால் முதலில் வெட்டி எடுங்கள்.

விசில் மொழி

அல்சூர்ப் பள்ளி வகுப்பு ஒன்றில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் இருக்கும். அதனால் ஆணை வாயால் வேண்டாம், விசிலால். போட்டிகளில் உலகமெங்கும் இருக்கிற முறையே நமக்கும்: இரண்டு ஊதினால் எய்யும் கோட்டுக்கு வா, ஒன்று ஊதினால் எய், மூன்று ஊதினால் வில்லை வைத்துவிட்டு அம்பெடுக்கப் போ. ஐந்தோ அதற்கு மேலோ விடாமல் ஊதினால் அப்படியே நிறுத்து, இழுத்திருந்தால் விடாமல் மெல்லத் தளர்த்து.

விசில் கையில் இல்லாத நேரத்துக்கு ஒரே ஒரு சொல் போதும்: ‘நில்லு!’ தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றேதான். வில்லுக்குக் கன்னடத்தில் பில்லு, குறிக்கு குரி, விடு என்பதற்கு பிடு. பெங்களூரில் வில் சொல்லித்தருபவருக்கு மொழி கொடுத்த சலுகை இது. ஒன்று மட்டும் கவனம், ‘விடாதே’ என்று கத்தாதீர்கள். பதற்றத்தில் காதில் ‘விடு’ மட்டும்தான் விழும்.

அவசர நிறுத்தத்தை அம்பில்லாமல் முதல் வாரமே பத்துத் தடவையாவது பழக்குங்கள். பிறகு மாதம் ஒருமுறை, சொல்லாமல்.

கோட்டுக்குப் போகும் முன்

அடையாள அட்டை. பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தில் தொங்கும் அந்த நாடாதான் நாணில் முதலில் சிக்குவது. கழற்றி ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். சட்டைப்பை பேனா, வளையல், வாட்ச், துப்பட்டா, முன்னால் விழும் பின்னல் எல்லாம் அதே கணக்கு. டிசம்பர், ஜனவரி காலையில் ஸ்வெட்டர் போட்டு வருவார்கள். தொளதொளத்த கையை நாண் தட்டிவிட்டால் அம்பு எங்கேயோ போகும். ஸ்வெட்டருக்கு மேலேயே கைக்காப்பை இறுக்கிக் கட்டுங்கள். செருப்பு கூடாது, ஷூ.

எந்தக் கண் ஆளும் கண் என்று பாருங்கள். இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை வைத்து, அதன் வழியே உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையில் உங்களுக்கு எந்தக் கண் தெரிகிறதோ அதுதான். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடது கண் ஆளும். வலது கையால் எழுதினாலும் அவர்களுக்கு இடதுகை வில்லைக் கொடுங்கள், தொடக்கத்திலேயே கொடுத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். அதனால்தான் 8 வில்லில் 3 இடதுகை வில்லாக வாங்கச் சொல்வது. மாற்றாமல் விட்டால் வலதுகைப் பிள்ளை இடது கண்ணால் குறி பார்த்து, அம்பு மொத்தமும் இலக்குக்கு வெகு இடப்பக்கம் போகும். மாஸ்டர் இரண்டு மாதம் கையைத் திருத்திக்கொண்டிருப்பார், கோளாறு கண்ணில் இருக்கும்.

நாணேற்றுவதற்கு எப்போதும் கயிறு. காலுக்கு நடுவே வில்லை விட்டு வளைக்கிற பழைய முறையில் வில்லின் கை முறுக்கிக்கொள்ளும். ஏற்றியபின் நாணுக்கும் பிடியின் உட்புறத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 66 அங்குல வில்லுக்குச் சுமார் 8 முதல் 8.5 அங்குலம், வில்லோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அது. குறைந்தால் நாண் முழங்கையைத் தட்டும். நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்குப் போட்டால் கூடும்.

எய்வது

இரு கால்களும் கோட்டின் இருபக்கமும், தோளகலத்தில். அம்பைப் பூட்டும்போது வேறு நிறமுள்ள இறகு வில்லுக்கு வெளிப்புறம். நாணில் அம்பு உட்காரும் இடத்துக்கு மேல் ஒரு பித்தளை வளையம் இருக்கும், அதற்குக் கீழே ‘டிக்’ என்று மாட்ட வேண்டும். மாட்டிய அம்பைத் தொங்கவிட்டு நாணைத் தட்டினால் விழ வேண்டும், தானாக விழக் கூடாது. பிடி அவ்வளவுதான். அம்பின் பின்முனைப் பிளவு தளர்ந்திருந்தால் இழுக்கும்போது நழுவிவிடும். அம்பில்லாமல் நாண் அறைந்தால் அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல் வில்லே உடையும். வெறும் நாணை இழுத்து விட்டு விளையாடக் கூடாது என்பதும் இதனால்தான்.

குறிகாட்டி பொருத்தாத வேட்டை முறையில் மூன்று விரலும் அம்புக்குக் கீழே. கண்ணுக்கு அருகே அம்பு வருவதால் குறி பார்ப்பது இலகு, அம்பை விரலால் நசுக்குகிற பழக்கமும் வராது. விரலின் முதல் மடிப்பில் நாணைக் கொக்கி போல மாட்டி, வில்லை இறுகப் பிடிக்காமல் பெருவிரல் மேட்டில் மட்டும் அமர்த்தி, முழங்கையின் முனை தரையைப் பார்க்காமல் பக்கவாட்டுக்குத் திருப்பி, தோளைத் தாழ்த்தி, முதுகால் இழுக்க வேண்டும். ஆள்காட்டி விரல் வாயின் ஓரத்தில் வந்து தொடும். தொட்டு ஒரு மூச்சு. பிறகு விரலைத் திறக்காமல், தளர்த்தினால் போதும். அம்பு பலகையைத் தைக்கும் சத்தம் கேட்கும்வரை வில் பிடித்த கை இறங்கக் கூடாது.

அடுத்தது, என்ன தவறுகிறது என்று பார்ப்பது. அம்பைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். அம்பு விழுந்த இடம் தடயம் மட்டும்தான்.

இழுக்கும்போது அம்பு தாங்கியிலிருந்து நழுவி நழுவி விழுகிறது என்றால் பிள்ளை விரல் நுனியைச் சுருட்டி நாணைத் திருகுகிறது. கொக்கியை ஆழமாக்கினால் நிற்கும். முழங்கை உட்புறம் சிவந்து கன்றினால் முழங்கை திரும்பவில்லை, அல்லது நாண் இடைவெளி குறைந்திருக்கிறது. அன்றைக்குப் பனிக்கட்டி ஒத்தடம், மறுநாள் ரப்பர் பட்டையில் பழகட்டும். வலதுகைப் பிள்ளையின் அம்பு ஒன்றிரண்டு திடீரென்று இடப்பக்கம் பறந்தால், வீணை மீட்டுவது போல நாணைக் கன்னத்திலிருந்து வெளியே இழுத்து விடுகிறது. அம்பு தாழ்ந்துகொண்டே போனால் விடும் கணத்தில் இழுப்பு தளர்கிறது, இல்லையென்றால் எங்கே பட்டது என்று பார்க்கும் ஆசையில் வில்லை இறக்குகிறது. அம்பு மேலே போனால் வாயைப் பாருங்கள். பேசிக்கொண்டே, மென்றுகொண்டே எய்தால் தாடை இறங்கி, அதோடு நாண் பிடித்த கையும் இறங்கி, முனை மேல் நோக்கும்.

மூன்று அம்பும் ஒன்றாகச் சேர்ந்து, ஆனால் நடுவுக்கு இடப்பக்கமாக விழுந்தால் பிள்ளையைத் தொடாதீர்கள். 14 பவுண்டு வில்லுக்கு 1820 அம்பு விறைப்பு அதிகம். விறைத்த அம்பு வலதுகைக்காரருக்கு இடம் சாயும். குற்றம் சாமானில். இலக்குத் தாளை நகர்த்தி ஒட்டுங்கள்.

அம்பெடுக்கும் போது ஓடக் கூடாது. பலகையில் நிற்கும் அம்பின் பின்முனை ஓடிவருகிறவரின் கண் உயரத்தில் இருக்கும். இலக்குக் கோட்டில் நின்று, பலகைக்கு ஒருவராகப் போக வேண்டும். ஒரு கை பலகையில், அம்பை ஒட்டி, மறு கை அம்பின் அடிப்பகுதியைப் பிடித்துத் திருகி நேராக இழுக்க வேண்டும். பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்தபின். ஃபோமில் இறுகிக்கொண்டால் அம்பில் துளி சோப்பு தடவுங்கள். இரண்டு பீரியடு சேர்ந்தால் 80 நிமிடம், சாமான் வைத்து எடுக்க 20 போனால் ஒரு பிள்ளைக்கு 12 அம்பு கிடைக்கும். குறைவு என்று தோன்றும். அந்த 12-ஐ நினைத்து நினைத்து விடட்டும்.

தூரமும் காற்றும்

15 மீட்டருக்குக் கை பழகிய பிள்ளை, 20 மீட்டரில் இருக்கும் குறியை 15 என்று நினைத்து விட்டால் அம்பு ஏறத்தாழ 30 செ.மீ. தாழ்ந்து போகும். 10 மீட்டரை 15 என்று நினைத்தால் 15 செ.மீ. உயரே போகும். (வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில். 9-ஆம் வகுப்பு இயற்பியல் தெரிந்தால் அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள், மூன்றாவது பீரியடும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.) தூரம் கூடக்கூடப் பிழையின் விலையும் கூடுகிறது. மான் அளவுள்ள விலங்கின் இதயமும் நுரையீரலும் 9 அங்குலக் காகிதத் தட்டுக்குள் அடங்கிவிடும் என்பதை நினைத்தால், ஐந்து மீட்டர் பிழை என்பது தவறிய அம்பு, அல்லது அதைவிட மோசமாக, காயப்பட்டு ஓடிய விலங்கு.

பழக்குவது இப்படி. முதலில் ஒவ்வொரு பிள்ளையும் 20 மீட்டரைத் தன் நடையால் பத்துத் தடவை அளந்து, தனக்கு எத்தனை காலடி என்று தெரிந்துகொள்ளட்டும். பிறகு மைதானத்தில் கம்பு, பை, பந்து என்று சிதறிவைத்து, நோட்டில் ஊகத்தை எழுதிவிட்டு நாடாவால் அளக்க வேண்டும். எழுதாமல் வாயால் சொன்னால் எல்லோரும் முதல் பையன் சொன்னதையே சொல்வார்கள். முழு தூரத்தையும் ஒரேயடியாக ஊகிக்காமல் பாதி வழியில் ஒரு கல்லைக் குறித்து, அதுவரை எவ்வளவு என்று பார்த்து இரட்டிப்பதே நல்லது. வெட்டவெளியில் தூரம் குறைவாகவும், மரங்களுக்கு நடுவே நிழலில் கூடுதலாகவும் தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லால்பாக்கில் இதை மட்டும் செய்யலாம். வில் மட்டும் பள்ளி வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

காற்றுக்கு வில்லின் மேல் நுனியில் ஒரு சாண் பட்டு நூல் கட்டினால் போதும், அல்லது ஓர் ஊதுபத்தி. ஜூன் முதல் செப்டம்பர்வரை பெங்களூரில் மேற்கிலிருந்து காற்று பலமாகவே அடிக்கும், சுவர் மூலையில் சுழன்று திரும்பும். 10 மீட்டரில் அம்பை அது பெரிதாகத் தள்ளாது. ஆனால் வேட்டையில் காற்றைப் பார்ப்பது அம்புக்காக இல்லை, நம் வாசனை விலங்குக்குப் போகாமல் இருக்கத்தான். விலங்கிலிருந்து நம்மை நோக்கி வர வேண்டும் காற்று. ஊதுபத்தியைக் கையில் கொடுத்து, மூலையில் நிற்கும் அட்டை மானை எந்த வழியாக நெருங்குவாய் என்று வரைபடம் போடச் சொல்லுங்கள்.

தடமும் நடையும்

ஒரு மீட்டர் சதுரத்தில் சலித்த மண்ணையும் மணலையும் கலந்து இரண்டு விரல் உயரம் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, பலகையால் சமப்படுத்தி, கேன்டீன் பின்பக்கம் இரவு முழுக்க விடுங்கள். காலையில் நாய், பூனை, காகம், எலி, அதிர்ஷ்டமிருந்தால் கீரி. நாயின் தடத்தில் நகம் தெரியும், பூனை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் தெரியாது. சிறுத்தைக்கும் அதே விதிதான். பன்னேர்கட்டா தேசியப் பூங்கா ஓரத்துப் பள்ளிக்கு இது வெறும் பாடமல்ல. பூனையின் உள்ளங்கால் மெத்தை பின்பக்கம் மூன்று மடிப்பாகப் பிரியும். தடத்தைத் தாளில் முழு அளவில் வரைய வேண்டும், செல்போன் படம் கணக்கில் சேராது. வரையும்போதுதான் கண் பார்க்கிறது.

நடைக்கு ஒரு விளையாட்டு. கண்ணைக் கட்டிய ஒருவர் நடுவில், மற்றவர்கள் 15 மீட்டர் வட்டத்தில். சத்தம் வந்த திசையை அவர் கைகாட்டினால் அந்த ஆள் அவுட். பாதத்தின் வெளி விளிம்பை முதலில் வைத்து, மெல்ல உள்ளே உருட்டி, கீழே சருகு இருக்கிறதா என்று உணர்ந்தபிறகே எடையை மாற்ற வேண்டும். அவசரப்படுகிறவர் மூன்றாவது அடியில் மாட்டுவார். எய்வதில் சுமாரான பிள்ளைகள் பலர் இதில் முதலாவதாக வருவார்கள்.

விடலாமா, வேண்டாமா

கடைசி மூன்று வாரம் இதற்கு. அட்டையில் காட்டுப்பன்றி, மான் உருவங்களை வெட்டிப் பலகைமேல் ஒட்டி, ஆறு நிலையங்களாக வையுங்கள். எல்லாமே ஒரே வலையைப் பார்த்த திசையில், தூரம் மட்டும் 8 முதல் 18 மீட்டர்வரை மாறி மாறி, சொல்லாமல். உலகப் போட்டிகளின் முப்பரிமாண வில்வித்தையும் (விலங்கு உருவப் பொம்மைகளை எய்வது) இப்படி அளவு சொல்லாத தூரங்களில்தான். அங்கே 24 இலக்கு, இலக்குக்கு 2 அம்பு, மதிப்பெண் 11, 10, 8, 5.

பள்ளிக்கு ஒரு மாற்றம் செய்யுங்கள். ஆறில் இரண்டு நிலையம் விடவே கூடாதவை. ஒன்றில் விலங்கு நேர் எதிரே நம்மைப் பார்த்து நிற்கும். நெஞ்செலும்பும் தோளும் மறைத்திருப்பதால் அமெரிக்க வில் வேட்டைப் பாடங்களிலும் அந்த நிலையில் விடாதே என்றே சொல்கிறார்கள். முழுப் பக்கவாட்டில் நிற்பதும், பின்புறம் நம் பக்கம் சாய்ந்து முன்னால் பார்த்து நிற்பதும்தான் ஏற்ற நிலைகள். இன்னொன்றில் மானுக்குப் பின்னால் அரை ஆள் உயரத்தில் ஒரு பள்ளிச் சீருடைச் சட்டை, புதருக்குள் பாதி மறைந்து. விடாமல் வில்லை இறக்கி, காரணத்தையும் சொன்னால் 10. விட்டால், நடுவில் பட்டாலும், 0.

முதல் முறை பாதி வகுப்பு சட்டையைக் கவனிக்காது. கவனிக்காத பிள்ளையைத் திட்ட வேண்டாம், அந்தப் பிள்ளையையே போய்ச் சட்டையை எடுத்துவரச் சொல்லுங்கள்.

மழையும் பூட்டும்

ஏப்ரல், மே மாலைகளில் இடி வந்தால் உடனே நிறுத்துங்கள், மைதானத்தில் வில்லோடு நிற்பதைவிட மோசமான இடம் வேறில்லை. ரிகர்வ் வில்லை வகுப்பு முடிந்ததும் நாண் இறக்கி, சுவரில் சாய்க்காமல் படுக்கவைக்க வேண்டும். சாய்த்தால் மாதக்கணக்கில் முறுக்கிக்கொள்ளும். வில் ஒரு அலமாரியில், அம்பு வேறு அலமாரியில், சாவி இருவரிடம்.

முதலுதவிப் பெட்டி எய்யும் கோட்டிலேயே இருக்கட்டும், அலுவலகத்தில் வேண்டாம். அம்பு உடலில் தைத்துவிட்டால் பிடுங்கக் கூடாது. அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் விரிக்கும்போது 36 அம்பு என்று எண்ணினால் மடிக்கும்போதும் 36. ஒன்று குறைந்தால் அன்றைக்கு மணி அடித்தாலும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. புல்லுக்குள் படுத்திருக்கும் அம்பு அடுத்த பீரியடில் கபடி ஆடவரும் பிள்ளையின் காலுக்கு. காலால் துழாவாமல், எல்லோரும் தோளோடு தோள் நின்று, குனிந்து, கையால் புல்லை விலக்கிக்கொண்டே வலைவரை போக வேண்டும்.